கேளுங்கள், சொல்கிறேன்: டி.என்.ஏ. பரிசோதனை படிக்கப் போகிறவர்களுக்கு

போன மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம், தடயவியல் டி.என்.ஏ. படிப்பு. பல வருஷம் ஆய்வக மேசையில் பிப்பெட் பிடித்துவிட்டு இப்போது பாடம் எடுக்கிறவன் என்பதால் ஆசிரியர் குழு கடிதக் கட்டை என் பக்கம் தள்ளிவிட்டது. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து ஒன்பதாகச் சுருக்கியிருக்கிறேன், கேட்டவர்கள் பெயரை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன்.

கே: தொடர்களில் பார்த்து வந்த ஆசைதான், மறைக்கவில்லை. டி.என்.ஏ. ஆய்வாளர் ஆவதற்குத் தடய அறிவியல் பட்டம் எடுப்பதா, மரபியலோ உயிர்வேதியியலோ எடுப்பதா? (பள்ளி முடிக்கப்போகும் மாணவி)

ப: ஆசை எங்கிருந்து வந்தால் என்ன, வந்ததே போதும். பட்டத்தின் பெயரை விட்டுவிட்டுப் பாடத்திட்டத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். தடய அறிவியல் என்ற பெயரில் வரும் பட்டங்கள் பலவற்றில் கைரேகை, துப்பாக்கி, போலிக் கையெழுத்து, நஞ்சு என்று எல்லாவற்றிலும் ஒவ்வொரு கரண்டி பரிமாறுவார்கள், டி.என்.ஏ.வுக்கு ஒரு பருவம் ஒதுக்கினால் அதிகம். அமெரிக்காவில் எஃப்.பி.ஐ. வகுத்திருக்கும் தர விதிகளில், டி.என்.ஏ. ஆய்வாளராக வருகிறவர் உயிர்வேதியியல், மரபியல், மூலக்கூறு உயிரியல் மூன்றும் படித்திருக்க வேண்டும், கூடவே புள்ளியியலோ மக்கள்தொகை மரபியலோ படித்திருக்க வேண்டும் என்றிருக்கிறது. தடயவியல் என்ற சொல்லே அந்தப் பட்டியலில் இல்லை பாருங்கள். நீங்கள் எந்த நாட்டில் படித்தாலும் இந்த நாலும் வருகிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

கல்லூரிக்கு நேரில் போனால் மூன்று விஷயம் கேளுங்கள். டி.என்.ஏ.வைப் பல மடங்கு நகலெடுக்கும் பி.சி.ஆர். மாணவர் கையால் எத்தனை முறை ஓடும், ஆசிரியர் செய்வதைச் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பதா? டி.என்.ஏ. துண்டுகளை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் கேப்பிலரி எலக்ட்ரோஃபோரசிஸ் கருவி இருக்கிறதா, இல்லையென்றால் அதிலிருந்து வந்த அசல் தரவுக் கோப்புகளையாவது கொடுத்துப் படிக்கச் சொல்கிறார்களா? புள்ளியியல் தனிப் பாடமா, வேறொன்றின் கடைசி அத்தியாயமா? மூன்றாவது கேள்விக்கு மழுப்பினால் யோசியுங்கள்.

கே: எல்லா மனிதருக்கும் டி.என்.ஏ. 99.9 சதவீதம் ஒன்றுதான் என்கிறது புத்தகம். அப்புறம் எப்படி ஆளைப் பிரிக்கிறார்கள்? முழுவதையும் படிக்கிறார்களா? (முதலாமாண்டு மாணவர்)

ப: முழுவதையும் படிப்பதில்லை. மொத்தம் சுமார் 300 கோடி எழுத்து, அதில் 0.1 சதவீதம் என்றாலே 30 லட்சம் இடம் வந்துவிடும். நாம் எட்டிப் பார்ப்பது அதிலும் இருபது சொச்சம் இடங்களைத்தான். எஸ்.டி.ஆர். என்று பெயர். நாலெழுத்துத் துண்டு ஒன்று திக்குவாய்போல அதே இடத்தில் திரும்பத் திரும்ப வரும், எத்தனை முறை வருகிறது என்பதுதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. 11ஆவது குரோமோசோமில் டி.ஹெச்.01 என்று ஓர் இடம். அங்கே ஏ.ஏ.டி.ஜி. என்ற துண்டு உங்களுக்கு அம்மா வழியில் 6 முறையும் அப்பா வழியில் 9 முறையும் வந்திருந்தால் உங்கள் கணக்கு 6, 9. அவ்வளவுதான், அந்த இரண்டு எண்ணையும் எழுதிவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுவோம்.

இதே இடத்தில் 9.3 என்றும் ஒரு வகை உண்டு. ஒன்பது முழுத் துண்டு, அதோடு நாலெழுத்துக்குப் பதில் மூன்றெழுத்தில் நின்ற ஓர் அரைகுறைத் துண்டு. 10க்கும் 9.3க்கும் வித்தியாசம் ஒரே எழுத்து. கருவி அந்த ஒற்றை எழுத்தைப் பிரித்துக் காட்டாவிட்டால் ஒருவரை இன்னொருவராக எழுதிவிடுவோம். அதனால்தான் ஒவ்வொரு ஓட்டத்திலும், தெரிந்த வகைகளெல்லாம் வரிசையாக இருக்கும் அல்லீலிக் லேடர் என்ற அளவுகோலைக் கூடவே ஓட்டுகிறோம். செய்முறைத் தேர்வில் லேடர் எதற்கு என்று கேட்டால் "கிட்டோடு வருகிறது சார்" என்று பதில் சொல்லும் பிள்ளைகள் வருஷத்துக்கு நாலு பேராவது இருக்கிறார்கள்.

இந்த இடங்கள் எதுவும் புரதம் செய்யச் சொல்லும் பகுதிகள் இல்லை. ஆள் கறுப்பா சிவப்பா, நெட்டையா குட்டையா என்று இந்த எண்கள் சொல்லாது. குற்ற வழக்கு டி.என்.ஏ. எண்களைச் சேர்த்துவைக்கும் அமெரிக்கத் தரவுத்தளம் முதலில் 13 இடங்களைக் கேட்டது, 2017 முதல் 20 ஆக்கிவிட்டார்கள்.

ஏன் இத்தனை இடம் என்றால் பெருக்கல்தான் காரணம். ஓர் இடத்தில் உங்கள் இரண்டு அல்லீல்களில், அதாவது 6, 9 போன்ற அந்த இரண்டு வகைகளில், ஒன்று மக்களிடம் 0.1 அளவும் மற்றது 0.2 அளவும் புழங்குகிறது என்று வையுங்கள். இரண்டும் சேர்ந்து ஒருவரிடம் இருக்க 2 × 0.1 × 0.2, அதாவது 0.04, இருபத்தைந்தில் ஒருவர். வகுப்பிலேயே இரண்டு பேர் கிடைப்பார்கள். ஐந்து இடத்திலும் இதே அளவு என்றால் 25ஐ ஐந்து முறை பெருக்க வேண்டும், 97 லட்சத்து 65 ஆயிரத்துச் சொச்சத்தில் ஒருவர். ஐந்துக்கே இப்படி, இருபதுக்கு நீங்களே போட்டுப் பாருங்கள், கால்குலேட்டர் திணறும்.

கே: செய்முறையில் எனக்கு பிளாங்க்கில் பீக் வந்துவிட்டது. "அதை விடு, திரும்ப ஓட்டு" என்கிறார் சீனியர். ரெக்கார்டில் எழுதவா வேண்டாமா? (முதுகலை மாணவி)

ப: எழுதுங்கள், சிவப்பு மையில் கட்டம் கட்டி எழுதுங்கள்! டியூபில் சாம்பிளைத் தவிர மற்ற எல்லாம் போட்டு, ஒன்றும் வரக் கூடாது என்று ஓட்டுகிற பிளாங்க் இருக்கிறதே, அந்த மேசையிலேயே பொய் சொல்லாத ஆள் அதுதான். அதில் பீக்காக, அதாவது கருவியின் வரைபடத்தில் கூம்பாக, வந்திருப்பது யாருடைய டி.என்.ஏ. என்று முதலில் உங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள், அப்புறம் பக்கத்து மேசையோடு.

எனக்கே நடந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பிளாங்க்கில் பளிச்சென்று ஓர் ஆணின் ப்ரொஃபைல், அதாவது எண் வரிசை, ஏழெட்டு இடத்தில் தெளிவாக. ஊழியர்களின் ப்ரொஃபைல்களை இதற்கென்றே கோப்பில் வைத்திருப்பார்கள், ஒப்பிட்டால் நான்தான். முகமூடியை மூக்குக்குக் கீழே இறக்கிவிட்டு, திறந்த டியூப் வரிசைக்கு மேல் குனிந்து, பக்கத்திலிருந்தவரோடு பேசியிருக்கிறேன். அந்த வரிசை முழுவதையும் திரும்பச் செய்தோம். கறைத்துணியில் மிச்சம் இருந்ததால் பிழைத்தேன், இல்லையென்றால் ஒரு வழக்கின் சாட்சியத்தை என் வாயாலேயே கெடுத்திருப்பேன். அன்றிலிருந்து டியூபைத் திறப்பதற்கு முன் ஒரு சுற்று சென்ட்ரிஃப்யூஜில் விட்டு மூடியில் ஒட்டிய சொட்டைக் கீழே இறக்குவது, ஒரு நேரத்தில் ஒரே டியூபைத் திறப்பது, திறந்த டியூபுக்கு மேலே கையைக் கொண்டுபோகாமல் பக்கவாட்டில் போவது, இதெல்லாம் தன்னால் வந்துவிட்டது.

பி.சி.ஆர். 28 சுற்று ஓடினால் ஒரு துண்டு கணக்குப்படி 26 கோடியைத் தாண்டும். அந்த டியூபிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு தெறிப்பு சாம்பிள் தயாரிக்கும் அறைக்கு வந்தால் போதும். அதனால்தான் பி.சி.ஆருக்கு முந்தைய அறை, பிந்தைய அறை என்று பிரித்து, பிந்தைய அறைக்குப் போன கோட்டும் பிப்பெட்டும் திரும்பி வரக் கூடாது என்று கெடுபிடி செய்கிறார்கள். சந்தேக ஆளின் சாம்பிளில் டி.என்.ஏ. கொட்டிக் கிடக்கும், கறையில் துளிதான் இருக்கும். அதனால் கறையை முதலில் முடித்துவிட்டுத்தான் ஆளின் சாம்பிளைத் தொட வேண்டும்.

பிளாங்க்கை மதிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனியில் ஹைல்பிரான் கதை இருக்கிறது. 2007இல் அந்த ஊரில் ஒரு பெண் காவலர் சுட்டுக் கொல்லப்பட்டார். காரில் கிடைத்த டி.என்.ஏ. ஒரு பெண்ணுடையது. அதே பெண்ணின் டி.என்.ஏ. 1993 முதல் ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் என்று நாற்பது சம்பவ இடங்களில், கொலையிலிருந்து சில்லறைத் திருட்டு வரை, ஒன்றுக்கொன்று ஒட்டாத குற்றங்களில். முகம் தெரியாத அந்தப் பெண்ணைப் பிடிக்க 3 லட்சம் யூரோ பரிசு வேறு. 2009இல், எரிந்துபோன ஓர் ஆணின் அடையாள ஆவணத்திலும் அதே பெண் வந்தபோதுதான் உறைத்தது. பஞ்சுக்குச்சி தயாரிக்கும் இடத்தில் பொதி கட்டிய பெண்ணின் டி.என்.ஏ. அது! குச்சிகள் கிருமி நீக்கியவைதான். கிருமி இல்லை என்றால் டி.என்.ஏ. இல்லை என்று அர்த்தமில்லை, பாக்டீரியா செத்துப்போகும், எழுத்து மிஞ்சும். தடயவியல் பொருள்களில் மனித டி.என்.ஏ. இருக்கக் கூடாது என்று ஐ.எஸ்.ஓ. 18385 என்ற சர்வதேசத் தரம் வந்தது 2016இல்தான். புதுப் பெட்டிக் குச்சி ஒன்றை வெறுமனே எடுத்து பிளாங்க்காக ஓட்டி, வந்ததை யாராவது கவலையோடு பார்த்திருந்தால் இத்தனை வருஷம் ஆகியிருக்காது.

கே: ஒட்டிப் பிறந்தது போலிருக்கும் இரட்டையரைப் பிரிக்க முடியுமா? (பலர் கேட்டது)

ப: ஒரே கருவிலிருந்து வந்த இரட்டையர் என்றால் வழக்கமான எஸ்.டி.ஆரால் முடியாது. எண்கள் ஒன்றுபோலவே வரும். கைரேகைக்குப் போங்கள், அது வேறுபடும். இதற்கு நேர் எதிரான வேடிக்கையும் உண்டு: எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொண்டவரின் ரத்தத்தில் கொடுத்தவரின் டி.என்.ஏ. வரும், முடிவேரில் அவருடைய சொந்த டி.என்.ஏ. வரும். ஒரே ஆள், இரண்டு ப்ரொஃபைல்.

கே: கருத்தரங்கில் பேச ஒரு வழக்கு சொல்லுங்கள். எல்லோரும் சொல்வது வேண்டாம். (இளங்கலை மாணவர்)

ப: எல்லோரும் சொல்வதையே சொல்கிறேன், அவர்கள் விட்டுவிடும் பகுதியோடு. 1984இல் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் டி.என்.ஏ. ரேகையைக் கண்டுபிடித்தார். அந்த வட்டாரத்திலேயே 1983இலும் 1986இலும் இரண்டு சிறுமிகள் கொல்லப்பட்டிருந்தார்கள். 17 வயதுப் பையன் ஒருவன் இரண்டாவது கொலையை ஒப்புக்கொண்டுவிட்டான். ஜெஃப்ரீஸ் பரிசோதித்துப் பார்த்தால் இரண்டையும் செய்தது ஒரே ஆள், ஆனால் அந்தப் பையன் இல்லை. டி.என்.ஏ. முதன்முதலில் கொலை வழக்குக்கு வந்தது ஒருவனை விடுவிக்கத்தான் என்பதைப் பாதிப் பேர் சொல்வதில்லை.

அப்புறம் சுற்று வட்டார ஆண்கள் ஆயிரக்கணக்கானோரிடம் ரத்தம் எடுத்தார்கள். ஆள் மாட்டவில்லை, ஏனென்றால் காலின் பிட்ச்ஃபோர்க் தனக்குப் பதிலாக உடன் வேலை பார்த்தவரைத் தன் பெயரில் ரத்தம் கொடுக்க அனுப்பிவிட்டான். அந்த ஆள் மதுக்கடையில் உளறியதை ஒரு பெண் கேட்டுக் காவல்துறையிடம் சொல்ல, 1987இல் கைது, 1988 ஜனவரியில் ஆயுள் தண்டனை. ஆய்வகம் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. டியூபின் மேல் ஒட்டிய பெயர்தான் பொய். சாம்பிள் யாரிடம் எடுத்தது, யார் கை மாறியது, யார் கையெழுத்து என்ற அலுப்பான பாடம் ஒன்று உங்களுக்கு வரும், அந்த வகுப்பில் தூங்குகிறவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வது.

கே: 10 லட்சத்தில் ஒருவருக்குத்தான் பொருந்தும் என்று அறிக்கை சொன்னால், அவர் நிரபராதியாக இருக்க 10 லட்சத்தில் ஒரு வாய்ப்புதானே? எங்கள் வகுப்பில் சண்டையே வந்துவிட்டது. (சட்டமும் தடயவியலும் சேர்த்துப் படிப்பவர்)

ப: வரவேண்டிய சண்டைதான். இல்லை, அப்படிச் சொல்லக் கூடாது. மழை பெய்தால் தெரு நனையும், சரி. தெரு நனைந்திருக்கிறது, அதனால் மழைதான் என்று சொல்ல முடியுமா? குழாய் உடைந்திருக்கலாம். திருப்பிப் போட்ட வாக்கியம் வேறு வாக்கியம்.

ஒரு கோடிப் பேர் இருக்கும் நகரம். 10 லட்சத்தில் ஒன்று என்றால் அந்த நகரத்தில் சராசரியாகப் பத்துப் பேருக்கு அந்த ப்ரொஃபைல் இருக்கலாம். வேறு ஒரு சாட்சியமும் இல்லாமல், தரவுத்தளத்தில் தேடித்தான் ஒருவரைப் பிடித்தீர்கள் என்றால், அவர் அந்தப் பத்துச் சொச்சம் பேரில் ஒருவர், அவ்வளவுதான் டி.என்.ஏ. சொன்னது. "நிரபராதியாக இருக்க 10 லட்சத்தில் ஒரு வாய்ப்பு" எங்கே, பத்தில் ஒருவர் எங்கே! இதற்கு அரசுத் தரப்பு வழக்கறிஞர் பிழை என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், ஆய்வாளர்களும் கூண்டில் பதற்றத்தில் அதையே உளறுவதுண்டு.

நாம் சொல்ல வேண்டியது இப்படி: கறையை விட்டது இவர்தான் என்றால் இந்த முடிவு வர எவ்வளவு வாய்ப்பு, இவரோடு சம்பந்தமில்லாத வேறு யாரோ என்றால் எவ்வளவு வாய்ப்பு, முதலாவது இரண்டாவதைவிட எத்தனை மடங்கு. லைக்லிஹுட் ரேஷியோ என்று பாடத்தில் வரும். "சம்பந்தமில்லாத" என்ற சொல்லை விழுங்கிவிடாதீர்கள். கூடப் பிறந்த அண்ணன் தம்பிக்கு ஓர் இடத்தில் இரண்டு எண்ணுமே ஒன்றாக வர குறைந்தது நாலில் ஒரு வாய்ப்பு இருக்கிறது, உங்கள் கோடிக்கணக்கு அங்கே எடுபடாது.

கே: வெறுமனே தொட்டாலே டி.என்.ஏ. ஒட்டும் என்கிறார்களே, அப்படியானால் இருந்தால் தொட்டார் என்றுதானே பொருள்? (பெயர் வேண்டாம் என்றவர்)

ப: ஒட்டும், ஆனால் அவர் தொட்டுத்தான் ஒட்டியது என்று இல்லை. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 2012இல் கொலையான ஒருவரின் நகத்தில் வேறோர் ஆளின் டி.என்.ஏ. கிடைத்து, அந்த ஆளை மாதக்கணக்கில் சிறையில் வைத்தார்கள். அவரோ அன்றிரவு போதை தலைக்கேறி ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார், பதிவேடு இருக்கிறது. கடைசியில் பார்த்தால் அவரை ஆம்புலன்ஸில் ஏற்றிய அதே பணியாளர்கள்தான் சில மணி நேரம் கழித்துக் கொலை நடந்த வீட்டுக்கும் போயிருக்கிறார்கள். யாருடையது என்பதைத்தான் நம் எண்கள் சொல்லும், எப்படி வந்தது, எப்போது வந்தது என்பதை அந்த எண்களிலிருந்து பிழிந்தெடுக்க முடியாது.

தொட்டதில் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு மூன்று பேர் கலந்ததாகவும் இருக்கும். ஒரு செல்லில் 6.6 பிக்கோகிராம்தான் டி.என்.ஏ., கிட்டுகள் பொதுவாக விரும்பும் ஒரு நானோகிராமுக்கு (ஆயிரம் பிக்கோகிராம்) சுமார் 150 செல் வேண்டும், தொட்ட கைப்பிடியில் பல நேரம் அதில் பத்திலொன்றுகூட இருக்காது. அப்போது ஓர் அல்லீல் வராமலே போகும், டிராப் அவுட் என்போம். போதாக்குறைக்கு ஒவ்வொரு பெரிய பீக்குக்கும் ஒரு துண்டு குறைவான இடத்தில் ஸ்டட்டர் என்று ஒரு குட்டி பீக் முளைக்கும். அந்தக் குட்டி ஸ்டட்டரா, இல்லை கொஞ்சமாகக் கலந்திருக்கும் இரண்டாம் ஆளா? இந்த ஒரு கேள்வியில்தான் என் தலைமுடி நரைத்தது. சந்தேக ஆளின் ப்ரொஃபைலைப் பார்ப்பதற்கு முன்பே கறையின் பீக்குகளைப் படித்து முடிவை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். விடையைத் தெரிந்துகொண்டு பார்த்தால் ஸ்டட்டரும் ஆளாகத் தெரியும்.

கே: ரத்தம் பார்த்தால் மயக்கம் வரும். எனக்கு இது சரிப்படுமா? (தயங்கிக் கேட்ட மாணவி)

ப: சரிப்படும். மேசைக்கு வருவது பழுப்பாகக் காய்ந்த கறை, அதில் அரிசியளவு வெட்டி டியூபில் போடுவீர்கள், அவ்வளவுதான். சிவப்பணுக்களில் டி.என்.ஏ. இருக்கும் கருவே கிடையாது, நமக்குத் தேவையானது வெள்ளணுக்கள், ஆக ரத்தத்தின் சிவப்பே நமக்கு இடைஞ்சல், அதிலுள்ள ஹீம் என்ற நிறப்பொருள் பி.சி.ஆரை முடக்கும். கஷ்டம் கறையில் இல்லை, கூட வரும் காகிதத்தில். குழந்தையின் உடை என்று எழுதியிருக்கும் உறையைப் பிரிக்கிற நாளில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடத் தோன்றாது. அதைப் பேசுவதற்கு ஓர் ஆள் வைத்துக்கொள்ளுங்கள், நான் ரொம்ப நாள் வைத்துக்கொள்ளவில்லை.

கே: இறுதியாண்டு ப்ராஜெக்ட். எங்களிடம் பி.சி.ஆர். கருவியும் ஜெல்லும் மட்டும்தான் இருக்கின்றன. என்ன செய்யலாம்? (மூன்று பேர் சேர்ந்து எழுதியது)

ப: தாராளமாகப் போதும் தம்பிகளா. முதலில் நெறிமுறைக் குழுவின் அனுமதி, எழுத்தில். நண்பர்கள், குடும்பத்தார் எச்சிலை விளையாட்டாக எடுத்து ப்ரொஃபைல் போட்டுப் பார்க்காதீர்கள், அப்பாவின் எண் பிள்ளையிடம் இல்லை என்று ஒரு செய்முறை வகுப்பில் தெரியவந்தால் அதை யார் போய் யாரிடம் சொல்வது?

என் யோசனை இது. நீல ஜீன்ஸ் துணியின் இண்டிகோ சாயம் பி.சி.ஆரை முடக்கும், மண்ணிலுள்ள ஹியூமிக் அமிலமும் அப்படித்தான். சம்மதம் எழுதிக் கொடுத்த ஒருவரின் எச்சிலை வெள்ளைப் பருத்தித் துணியிலும் ஜீன்ஸிலும் மண் பூசிய துணியிலும் ஒரே அளவு விட்டு, நிழலில் காயவைத்து, காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்து டி.என்.ஏ.வைத் தின்றுவிடும். ஆனால் ஒரு செட்டை மட்டும் வேண்டுமென்றே ஈரத்தோடு பிளாஸ்டிக்கில் கட்டி வையுங்கள், ஒப்பிட வசதியாக இருக்கும். ஒரு வாரம், இரண்டு வாரம், நாலு வாரம் கழித்துப் பிரித்தெடுத்து ஓட்டுங்கள். பேண்ட் (ஜெல்லில் டி.என்.ஏ. தெரியும் கோடு) வராத இடத்தில் சாம்பிளைப் பத்து மடங்கு நீர்த்து ஒருமுறை, தடையைத் தணிக்கும் போவைன் சீரம் ஆல்புமின் என்ற மாட்டுப் புரதத்தைச் சேர்த்து ஒருமுறை. நீர்த்த பிறகு பேண்ட் வந்தால் டி.என்.ஏ. இருந்திருக்கிறது, தடைதான் மறைத்தது. அப்போதும் வராவிட்டால் டி.என்.ஏ.வே சிதைந்திருக்கலாம், அதைப் பிரித்தறிய நீளமான துண்டு ஒன்று, குட்டையான துண்டு ஒன்று என்று இரண்டு ப்ரைமர் ஜோடி (எந்தத் துண்டை நகலெடுப்பது என்று குறிக்கும் சிறு டி.என்.ஏ.) வைத்துக்கொள்ளுங்கள், சிதைந்ததில் குட்டை மட்டும் வரும்.

ஒவ்வொரு துணிக்கும் எச்சில் படாத அதே துணியில் ஒரு துண்டு பிளாங்க்காகப் போக வேண்டும். ஜீன்ஸைப் புதிதாக வாங்குங்கள், உங்களில் ஒருவர் போட்டுக் கழற்றியதை வெட்டாதீர்கள்.